நட்டுக்கும் குழாய்க்கும் ஒரே ஸ்பேனர் போதுமா?

வாசகர் கேள்வி, 9 ஜூன்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். எங்கள் பம்ப் அறையில் 12 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்றும் 14 அங்குல பைப் ரெஞ்ச் ஒன்றும் உள்ளன. இரண்டிலும் ஒரு தாடை நிலையானது, மற்றது உருட்டினால் நகர்வது. அப்படியிருக்க இரண்டு எதற்கு? ஸ்பேனரின் அசையும் தாடையில் நான்கு பற்களை வெட்டிவிட்டால் ஒரே கருவி இரண்டு வேலையையும் செய்யாதா? இரண்டாக விற்றால் லாபம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

9 ஜூன், இரவு

உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பிடிக்கும் முறையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

அறுபட்டை நட்டு இணையான இரு தாடைகளுக்கு நடுவே நிற்கும்போது, ஸ்பேனர் சுழன்றால் நட்டும் சுழன்றே தீர வேண்டும். இதற்கு உராய்வு தேவையே இல்லை. எண்ணெயில் ஊறிய நட்டையும் ஸ்பேனர் திருப்புவது அதன் மூலைகள் தாடையில் முட்டுவதால்தான். குழாய் வட்டமானது. இணையான இரு தாடைகளை அதைச் சுற்றி எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் அவற்றின் இடைவெளி குழாயின் வெளிவிட்டத்துக்குச் சமமாகவே இருக்கும். முட்டுவதற்கு மூலை எதுவும் இல்லாததால் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு சுற்றிவரும். குழாயைத் திருப்ப வேண்டுமானால் அதை அழுத்திக் கடிக்க வேண்டும்; இழுப்பு கூடக் கூட அந்த அழுத்தமும் கூட வேண்டும். பைப் ரெஞ்சின் நுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அதன் அசையும் தாடையான கொக்கித் தாடை சட்டத்துக்குள் வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்டிருக்கிறது, ஒரு சிறிய ஸ்பிரிங் அதைத் தாங்கி நிற்கிறது, கைப்பிடியை இழுக்கும்போது தாடை சாய்ந்து இடைவெளி குறைகிறது, பற்கள் குழாய்க்குள் இறங்குகின்றன. அதாவது, நீங்கள் திருப்புவதற்காகக் கொடுக்கும் விசையிலிருந்தே அது தன் பிடிமானத்தை எடுத்துக்கொள்கிறது.

நட்டுக்கான தாடை ஆடவே கூடாது. குழாய்க்கான தாடை ஆடியே ஆக வேண்டும். நான்கு பற்களை வெட்டுவதால் இந்த முரண் தீராது.

10 ஜூன்

ஆட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 19 மி.மீ. உள்ள நட்டில் தாடை அரை மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாகத் திறந்திருந்தால், ஸ்பேனர் சுமார் இரண்டரை டிகிரி வெறுமனே சுழன்ற பிறகே நட்டைத் தொடும். தொடும்போது பட்டையின் பரப்பில் படாமல் மூலையின் விளிம்பில் படும். மூலைகள் மழுங்குவது இப்படித்தான் தொடங்குகிறது. அதே நட்டின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான அகலம் சுமார் 22 மி.மீ.; ஆகவே இடைவெளி 3 மி.மீ. கூடிவிட்டால் ஸ்பேனர் நட்டைப் பிடிக்காமல் முழு வட்டமும் சுற்றும்.

இந்த அரை மில்லிமீட்டர், கடையில் புதிதாக வாங்கும் மலிவான ஸ்பேனரிலேயே இருக்கலாம். விரலால் உருட்டும் புரி உருளைக்கும் தாடையின் பற்களுக்கும் இடையே கொஞ்சம், உருளையைத் தாங்கும் ஊசியில் கொஞ்சம், தாடை நகரும் காடியில் கொஞ்சம் என்று மூன்று இடங்களிலும் சேரும் ஆட்டம் கடைசியில் நட்டின் மூலையில் வந்து விடிகிறது.

10 ஜூன், பிற்பகல்

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீண்யாவில் சிறுதொழில் நடத்தும் ஒருவர், எந்த நட்டையும் பைப் ரெஞ்சாலேயே கழற்றிவிடுவதாக எழுதியிருக்கிறார். கழற்றலாம், மறுக்கவில்லை. அதே நட்டைத் திரும்ப மாட்டுவாரா என்பதுதான் கேள்வி. இரு குழாய்களைக் கழற்றி மாட்டும்படி இணைக்கும் யூனியனின் பித்தளை நட்டில் பைப் ரெஞ்சின் கடினப்படுத்திய பற்கள் ஒருமுறை பட்டாலே பட்டைகளில் பள்ளம் விழும். மறுமுறை எந்த ஸ்பேனரும் அதில் ஒழுங்காக உட்காராது. நான் வசிக்கும் குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாயின் யூனியன் அப்படித்தான் வட்டமாகிப்போய், கடைசியில் அறுத்து எடுக்கப்பட்டது. குரோமியம் பூசிய குழாய்ப் பொருத்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாடைக்கு நடுவே துணி சுற்றுகிறார்கள். பல் துணியைக் கிழித்துக்கொண்டு பூச்சுக்குப் போய்விடுகிறது.

துருப்பிடித்து ஏற்கெனவே மழுங்கிப்போன, எப்படியும் குப்பைக்குப் போகப்போகிற நட்டுக்குப் பைப் ரெஞ்ச் சிறந்த கருவி. அந்த அளவில் பீண்யா நண்பரோடு உடன்படுகிறேன்.

12 ஜூன்

வரலாற்றைக் கேட்டிருக்கிறார்கள், கேள்விக்குத் தொடர்புள்ள அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

இன்றும் நாம் பயன்படுத்தும் பைப் ரெஞ்சின் வடிவத்துக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வால்வொர்த் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் ஸ்டில்சன் 1869-இல் காப்புரிமை பெற்றார். மரத்தில் மாதிரி செய்து காட்டினார் என்றும், உண்மையான கருவியைச் செய்து குழாயை முறுக்கு, ஒன்று குழாய் முறிய வேண்டும் அல்லது கருவி உடைய வேண்டும் என்று நிறுவனத்தார் சொன்னார்கள் என்றும், குழாய்தான் முறிந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, நம் ஊர்க் கடைகளில் இன்றும் ஸ்டில்சன் என்று கேட்டால் அந்த வடிவத்தைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

நம் கேள்விக்கு இன்னும் நேரடியான சாட்சி ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன். என்ஷோப்பிங் என்ற ஊரில் 1886-இல் பட்டறை தொடங்கியவர். 1888-இல் குழாயைப் பிடித்துத் திருப்பும் கருவிக்கான காப்புரிமை பெற்றார். 1890-களின் தொடக்கத்தில் இன்றைய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வடிவத்துக்கும் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவிகளை விற்ற வணிக நிறுவனத்தின் பெயரிலிருந்தே பாஹ்கோ என்ற முத்திரை பிறந்தது. நட்டுகளின் அளவுகள் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்ட காலத்தில், ஒரு மூட்டை ஸ்பேனர்களைச் சுமந்து திரிவதைத் தவிர்க்கவே அவர் இதைச் செய்தார் என்பார்கள். சுமையைக் குறைப்பதே நோக்கமாகக் கொண்டவர், இரண்டு கருவிகளையும் தன் கையில் வைத்திருந்தவர், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. பல அளவு நட்டுகளுக்கு ஒரு கருவி, குழாய்க்கு வேறு கருவி என்றே நிறுத்திக்கொண்டார். வியாபார லாபம் என்ற ஐயத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

12 ஜூன், சற்றுப் பிறகு

அப்படியானால் இரண்டையும் சேர்க்க யாருமே முயலவில்லையா என்று கேட்டால், முயன்றிருக்கிறார்கள். பழைய அமெரிக்கக் கருவிகளில் முதலைவாய் ரெஞ்ச் என்று ஒன்று உண்டு. அசையும் பாகம் எதுவும் அதில் கிடையாது. ஆப்பு வடிவில் திறந்த வாய், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பற்கள். குழாயோ நட்டோ வாய்க்குள் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்தில் அது கடிக்கும். தாடை ஆடாமலேயே இழுப்பிலிருந்து பிடிமானம் எடுக்க ஆப்பு வடிவம் உதவுகிறது என்பதை இது காட்டுகிறது. ஆனால் இணையான தாடை என்ற நட்டின் தேவையை அது முழுவதுமாகக் கைவிட்டுவிட்டது. நட்டை அது பிடிப்பதும் குழாயைக் கடிப்பது போலத்தான், மூலையைத் தின்றுகொண்டே.

15 ஜூன்

பாஹ்கோவின் சில ஸ்பேனர்களில் அசையும் தாடையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பற்களோடும் இருக்கும் என்று ஒரு வாசகர் நினைவூட்டியிருக்கிறார். சரியான தகவல், நல்ல கருவியும்கூட. நம் கேள்விக்கு நேர்மையான ஒரு விடை இது என்பேன். ஏனெனில் இது இரண்டு தாடைகளைக் கலக்கவில்லை. ஒரே கைப்பிடியில் இரண்டு தாடைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நட்டு வேலையின்போது பல் நட்டில் படவே படாது.

எனக்குக் கவலை தருபவை, இரண்டு தாடைகளின் உட்பக்கத்திலும் பல் வெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மலிவுச் சரக்குகள். நட்டுக்கு வந்தால் அதில் பட்டை முழுதும் பதிவதில்லை, பல்லின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. குழாய்க்கு வந்தால் தாடை ஆடுவதில்லை. இரண்டு பக்கத்துக் குறைகளையும் தேடிப்பிடித்து ஒன்றாகச் சேர்த்த வடிவமைப்பு என்றுதான் அதைச் சொல்ல முடிகிறது.

16 ஜூன்

உருளையை எந்தப் பக்கம் உருட்டினால் தாடை திறக்கும் என்று இருவர் மோதிக்கொண்டிருக்கிறார்கள். புரி வலமாக வெட்டப்பட்டதும் உண்டு, இடமாக வெட்டப்பட்டதும் உண்டு; இருவர் வீட்டிலும் இருப்பது வெவ்வேறு ஸ்பேனர். இருவரும் சரி. இனி இருவரும் ஒருவர் ஸ்பேனரை மற்றவருக்கு இரவல் கொடுத்துப் பார்க்கலாம்.

19 ஜூன்

தலைச்சாய்வு பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. ஸ்பேனரின் வாய் கைப்பிடியின் கோட்டிலிருந்து ஏன் சாய்ந்திருக்கிறது, சிலவற்றில் 15 டிகிரியும் சிலவற்றில் 22.5 டிகிரியும் ஏன் என்கிறார்கள்.

நெருக்கடியான இடத்தில், கைப்பிடியைக் கொஞ்ச தூரமே அசைக்க முடிகிறபோது, ஸ்பேனரைக் கவிழ்த்து மறுபுறமாக மாட்டினால் கைப்பிடி வேறொரு கோணத்தில் வந்து நிற்கும். சாய்வு எவ்வளவோ அதன் இரு மடங்கு மாறும். அறுபட்டை நட்டு ஒவ்வொரு 60 டிகிரிக்கும் ஒரே நிலைக்கு வருவது. 15 டிகிரிச் சாய்வைக் கவிழ்த்தால் 30 டிகிரி, அதாவது சரிபாதி கிடைக்கிறது. ஆகவே 30 டிகிரி அசைவுக்கு இடமிருந்தாலே நட்டை முழுவதும் திருப்பிவிடலாம். 22.5 டிகிரியைக் கவிழ்த்தால் 45 டிகிரி. இது சதுர நட்டின் 90 டிகிரிக்குச் சரிபாதி. அறுபட்டை நட்டில் அதே சாய்வு 45-உம் 15-உமாகச் சமமில்லாமல் பிரிகிறது. எனவே 45 டிகிரி அசைவுக்கு இடம் தேவைப்படும். இன்று சதுர நட்டு அரிது. இடுக்கில் வேலை செய்கிறவர் 15 டிகிரித் தலையைத் தேடி வாங்குவது நல்லது.

குழாய்க்கு இந்தக் கணக்கே கிடையாது. வட்டத்தை எங்கே பிடித்தாலும் ஒன்றுதான். கோணமும் படியும் அங்கே பொருளற்றவை. பைப் ரெஞ்சின் வாய் கைப்பிடிக்குக் குறுக்காகவே திறந்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை. சேர்த்துச் செய்ய நினைப்பவர் தலையை எந்தக் கோணத்தில் வைப்பார் என்பது இன்னொரு முட்டுக்கட்டை.

20 ஜூன்

நேற்று எழுதியதன் ஒரு விளைவை விட்டுவிட்டேன். ஸ்பேனரைக் கவிழ்த்தால் அசையும் தாடையும் நிலையான தாடையும் பக்கம் மாறிவிடும். அசையும் தாடை இருக்கும் பக்கமாகவே கைப்பிடியை இழுக்க வேண்டும், அப்போதுதான் பெரிய சுமை நிலையான தாடைக்குப் போகும் என்று எல்லாரும் பாடமாகப் படித்திருக்கிறோம். கவிழ்த்துக் கவிழ்த்துத் திருப்புகிறவர் ஒன்றுவிட்டு ஒருமுறை அந்தப் பாடத்தை மீறுகிறார். உண்மையில் எவ்வளவு கேடு என்று பார்க்கக் கணக்குப் போட்டேன்.

16 மி.மீ. தடிமனுள்ள எம்16 போல்ட்டின் 24 மி.மீ. நட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 14 மி.மீ. நட்டின் மையத்திலிருந்து 280 மி.மீ. தூரத்தில் 20 கிலோ விசையோடு இழுத்தால், இரு தாடைகளும் மூலைகளில் தாங்கும் சுமை ஏறக்குறைய 400 கிலோ வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாம் இழுத்த அந்த 20 கிலோ மட்டுமே. விதிப்படி இழுத்தால் அந்தக் கூடுதல் 20 கிலோ நிலையான தாடைக்குப் போகிறது என்பது உண்மை; 400-இல் 20 என்பது பெரிய சலுகை அல்ல என்பதும் உண்மை.

சுமை எந்த மூலையில் விழுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு தாடை வாயின் நுனிப் பக்க மூலையிலும் மற்றது அடிப்பக்க மூலையிலும் நட்டைத் தொடுகின்றன. விதிப்படி இழுக்கும்போது நுனிப் பக்கத்தில் தொடுவது அசையும் தாடைதான். அதைத் தன் காடியிலிருந்து வெளிப்புறமாகச் சாய்க்கப் பார்க்கும் முறுக்கம் அந்தத் திசையில் குறைவதில்லை, கூடுகிறது. ஆகவே அந்த விதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் முழுமையானதாக எனக்குத் தோன்றவில்லை. தாடைகள் வளையாதவை என்றும் ஸ்பேனர் நேரானது என்றும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நட்டை வாயின் அடிவரை தள்ளி, உருளையை விரலால் இறுக்கி, ஒவ்வொரு இழுப்புக்கு முன்னும் மறுபடி இறுக்கிக்கொண்டால், எந்தத் திசை என்பது இரண்டாம் பட்சம் என்றே நினைக்கிறேன்.

20 ஜூன், இரவு

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, பைப் ரெஞ்சுக்கும் திசை இரண்டாம் பட்சம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வாய் திறந்திருக்கும் பக்கமாக மட்டுமே இழுக்க முடியும். மறுபக்கம் தள்ளினால் கொக்கித் தாடை சாயாமல் விலகும். பிடிமானமே இல்லாமல் வழுக்கும். கொக்கியின் உட்புறத்துக்கும் குழாய்க்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் விட வேண்டும். குழாய் அடிவரை போய் முட்டிக்கொண்டால் தாடைக்குச் சாய இடம் இருக்காது. நட்டை அடிவரை தள்ளு, குழாயை அடிவரை தள்ளாதே என்று இரண்டு கருவிகளும் கையாள்பவருக்கு இடும் கட்டளைகூட எதிரெதிராகவே இருக்கிறது.

24 ஜூன்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கருவிக் கடை ஒன்றில் நிற்கும்போது இந்த விவாதத்தை எடுத்துவிட்டேன். கடைக்காரர் சொன்ன பதில் என் கணக்குகளை எல்லாம் ஓரங்கட்டியது: குழாய் வேலையில் எப்போதாவது ஒரே ஒரு கருவியை வைத்து வேலை முடிந்திருக்கிறதா?

யோசித்துப் பார்த்தால் இல்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் (ஜி.ஐ.), இரு துண்டுகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றும்போது ஒரு ரெஞ்ச் குழாயைப் பிடித்து நிறுத்த, இன்னொன்று கப்ளிங்கைத் திருப்ப வேண்டும். நிறுத்தும் ரெஞ்ச் இல்லாவிட்டால் அடுத்த வளைவு இணைப்பான எல்போவில் உள்ள மரை இளகும், சில சமயம் சுவருக்குள் இருக்கும் மரை இளகும். யூனியனைத் திறக்கும்போது குழாயில் பைப் ரெஞ்சும் நட்டில் ஸ்பேனரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். போர்வெல் மோட்டாரை மேலே தூக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பெரிய ரெஞ்சுகள் எதிரெதிராக இயங்குவதை பெங்களூரில் பார்க்காதவர் குறைவு. ஆகவே ஒயிட்ஃபீல்டு வாசகரின் கனவுக் கருவி கிடைத்துவிட்டாலும் அவர் அதில் இரண்டு வாங்க வேண்டியிருக்கும். பெட்டியின் எடை அப்படியேதான் இருக்கும்.

27 ஜூன்

நிப்பெக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பிளையர் ரெஞ்சைச் சுட்டிக்காட்டி, இதில் ஆட்டம் என்ற பேச்சே இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். ஆம். வழவழப்பான இணைத் தாடைகள்; கைப்பிடிகளை அழுத்தும் விசையைப் பத்து மடங்காக்கி நட்டின் பட்டைகள் மீது வைக்கும் நெம்புகோல் அமைப்பு. பூச்சுள்ள நட்டுக்கு இதைவிட நல்ல கருவியை நான் கையில் பிடித்ததில்லை. விலையைக் கேட்டால் மட்டும் கை கொஞ்சம் பின்வாங்கும். அதே நிறுவனம் குழாய்களுக்காகக் கோப்ரா என்ற பெயரில் பல் வைத்த, இழுப்பில் தானே இறுகும் பிளையரைத் தனியாகச் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். யோஹான்சன் எடுத்த முடிவைத்தான் அவர்களும் எடுத்திருக்கிறார்கள்.

1 ஜூலை

புதிய குடியிருப்புகளில் சி.பி.வி.சி. குழாய்கள்தானே, ஒட்டும் பசைதானே, பைப் ரெஞ்சே தேவையில்லையே என்பது கடைசியாக வந்த கேள்வி. பிளாஸ்டிக் குழாயில் பைப் ரெஞ்ச் படவே கூடாது. பல் பட்ட இடத்தில் கீறல் விழும், கீறலிலிருந்து வெடிப்பு வரும். ஆனால் பம்ப் அறைகளில் ஜி.ஐ. குழாய் இன்னும் இருக்கிறது, ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்தின்படி மஞ்சள் பட்டை மெல்லிய வகை, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. மஞ்சள் பட்டைக் குழாயில் பெரிய ரெஞ்சை மாட்டி முழு பலத்தோடு இழுத்தால் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ.தான், அதற்கு 10 அங்குல ரெஞ்சே போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்பேனரை எடுத்து, தாடையைப் பாதி திறந்து, அசையும் தாடையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள், பிறகு தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனியில் மட்டும் ஒளிக்கீற்று தெரிந்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். பைப் ரெஞ்சில் இதற்கு மாறாக, கொக்கித் தாடை ஆடாமல் இறுகி நின்றால்தான் வாங்கக் கூடாது. ஸ்பிரிங் இருக்கிறதா, பற்களின் நுனி கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொக்கித் தாடையும் அடித்தாடையும் தனி உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கலாம்.